அரை மில்லிகிராம்

ஓர் ஐப்பசி மாதக் காலையில் என் கணவர் கட்டிலிலிருந்து காலை இறக்கினார், அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன்.

"கொஞ்சம் வாம்மா" என்று கூப்பிட்ட குரலே சரியில்லை.

போய்ப் பார்த்தேன். வலது கால் கட்டைவிரல் அடியோடு சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. குனிந்து தொடப் போனேன். "தொடாத, தொடாத" என்று காலை இழுத்துக்கொண்டார். இழுத்ததிலும் வலித்திருக்கிறது, கண்ணில் நீர் வந்துவிட்டது. "மொதல்ல அந்த ஃபேன நிறுத்து. காத்து பட்டாலே உயிர் போவுது."

திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடையில் பத்தொன்பது வருஷமாக மருந்தாளுநராக இருக்கிறேன். அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு மனசில் ஓடிய பெயர் கவுட். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறி, மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிந்து வரும் வாதம். ஆனால் நம்பத்தான் முடியவில்லை. அந்த வியாதிக்கு மாத்திரை வாங்க என் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கறிக்கும் பாட்டிலுக்கும் பழகியவர்கள். என் கணவர் மேல்சித்தாமூர் பக்கத்து ஜைனர். ஊரில் அவரை "நயினாரே" என்றுதான் கூப்பிடுவார்கள். பொழுது சாய்ந்துவிட்டால் பச்சைத் தண்ணீரைக்கூட யோசித்துக் குடிக்கிற மனுஷர்.

டாக்டரிடம் ஆட்டோவில் கூட்டிப்போனேன்.

"கறி நிறைய சாப்பிடுவீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"நாங்க ஜைனருங்க."

"சரி. குடிப்பழக்கம்?"

"மோரு குடிப்பேங்க" என்றார் என் கணவர், அந்த வலியிலும் கொஞ்சம் ரோஷமாக.

டாக்டர் சிரித்துவிட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் யூரிக் அமிலம் நன்றாக ஏறியிருந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரத்த அழுத்த மாத்திரையின் அட்டையை வாங்கிப் பார்த்த டாக்டர், அதில் சேர்ந்திருக்கிற நீர் பிரிய வைக்கும் மருந்து சிலருக்கு இப்படி ஏற்றிவிடும் என்று சொல்லி, வேறொன்று எழுதினார். மூன்று வருஷமாக அந்த மாத்திரையை என் கையால்தான் கத்தரித்து வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறேன். எனக்குச் சுருக்கென்றது.

வலிக்கு எழுதிய மருந்து கொல்சிசின். அரை மில்லிகிராம், சின்ன வெள்ளை மாத்திரை. "இது நல்ல மருந்து, ஆனா கொஞ்சம் கோவக்காரன்" என்றார் டாக்டர். "எழுதின அளவுக்கு மேல ஒண்ணுகூடப் போடக்கூடாது. வாந்தி வந்தா, பேதி ஆனா நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணுங்க. வேற எங்கயாவது சளிக்கு, இருமலுக்கு மருந்து எழுதினா, இதச் சாப்பிடறேன்னு கண்டிப்பா சொல்லணும். சில ஆன்டிபயாடிக் சேர்ந்தா இது உடம்பவிட்டு வெளிய போகாது, தங்கிடும்."

எனக்குத் தெரிந்த விஷயங்கள்தான். டிப்ளமாவில் படித்திருக்கிறேன். ஆனால் கடையில் நின்று எத்தனை பேருக்கு இவ்வளவையும் சொல்லியிருப்பேன் என்று யோசித்தால், விரல் விட்டு எண்ணிவிடலாம். "ரெண்டு வேளை" என்று கவரில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்துவிடுவேன். பின்னால் இன்னும் நாலு பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.

மறுநாள் வலி பாதியாகக் குறைந்தது. மதியம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இத எதுலம்மா பண்றாங்க?"

நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். யோசிக்காமல் சொன்னேன்: "நம்ம நெலத்து வேலில ஏறிக்கினு கிடக்குதே, கண்வலிப்பூ. செவப்பும் மஞ்சளுமா நெருப்பு மாதிரி பூக்குமே. அதுலதான்."

அட்டையை மடியில் வைக்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன்.

"அது கெழங்காச்சே" என்றார்.

இதை மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஜைனர்களில் எல்லா வீட்டிலும் ஒரே கண்டிப்பு இல்லை. என் பிறந்த வீட்டில் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உண்டு. என் கணவர் வீட்டில் மண்ணுக்குள் விளைகிற எதுவும் கிடையாது. உருளை, வெங்காயம், பூண்டு, கேரட் எதுவும் வாசற்படி தாண்டாது. கிழங்கைத் தோண்டினால் அந்தச் செடி அடியோடு போகிறது, அதை ஒட்டி மண்ணில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் போகின்றன என்பது அவர்கள் கணக்கு. கல்யாணமான முதல் வருஷம் நான் வெங்காய வடைக்கு ஏங்கிப்போனேன். அவரிடம் வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் விழுப்புரம் போகிற வழியில் கூட்டேரிப்பட்டில் பைக்கை நிறுத்துவார். கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கிவந்து என் கையில் கொடுத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கிறவரை ரோட்டில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இன்றுவரை அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

அப்படிப்பட்டவருடன் கிழங்கு விஷயத்தில் வாதாடுவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் முயற்சி செய்தேன்.

"மல்லாட்டை மட்டும் மண்ணுக்குள்ள இல்லையா? வருஷா வருஷம் போடறீங்களே."

"அது கெழங்கு இல்ல, கடலைக் கொட்டை."

"மஞ்சள்?"

"காஞ்ச மஞ்சள் வேற."

"மருந்துக்குத் தோஷம் இல்லைன்னு சொல்லுவாங்க."

"உயிர் போற நெலமைக்குச் சொல்லுவாங்க. எனக்கு வலிதான் கொறஞ்சிடுச்சே."

அன்று சாயங்காலம் போடவேண்டிய மாத்திரையை அவர் போடவில்லை. டம்ளர் தண்ணீர் அப்படியே இருந்தது.

என்னோடு டிப்ளமா படித்த தோழி ஒருத்தி, மூலிகைகளிலிருந்து சாரம் பிரித்தெடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அவளுக்கு போன் செய்தேன். என் கேள்வியைக் கேட்டு முதலில் சிரித்தாள், பிறகு பொறுமையாகவே சொன்னாள். தெற்கே விவசாயிகள் அந்தக் கொடிக்குப் பந்தல் போட்டு வளர்க்கிறார்களாம். காய் முற்றியதும் பறித்து, விதையை உலர்த்தி விற்கிறார்களாம். மருந்து பெரும்பாலும் அந்த விதையிலிருந்துதான். கிழங்கை மறு வருஷ விளைச்சலுக்காக மண்ணிலேயே விட்டுவிடுவார்கள்.

"விதைதானாம்" என்றேன் அவரிடம். "கெழங்கு மண்ணுலயேதான் இருக்குமாம். செடி உசுரோடதான் இருக்குது."

"நெசமா?"

"உங்ககிட்ட பொய் சொல்லி இன்னா பண்ணப்போறேன்?"

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

யூரிக் அமிலத்தைக் குறைக்க டாக்டர் தனியாக ஒரு மாத்திரை ஆரம்பித்தார். அது உடம்பில் நிலைபெறுகிறவரை வலி திரும்பாமல் இருக்க, கொல்சிசினையும் தினமும் ஒன்று என்று சில மாதம் தொடரச் சொன்னார். என் கணவர் பத்தே நாளில் எப்போதும்போல் பைக் எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போக ஆரம்பித்தார். போன இடத்திலெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். தன் வேலியில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூக்கிற பூ, தன் காலை நிமிர்த்தியது என்பதில் அவருக்கு ஒரு பூரிப்பு. நானும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலம் ஓர் அக்காவுடையது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை. மகன் விழுப்புரத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். இரண்டு நிலத்துக்கும் பொதுவாக ஒரே கிணறு, ஒரே மோட்டார். என் மாமனார் காலத்திலிருந்து முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், ஒரு சண்டை வந்ததில்லை. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்கு நான் "பாப்பா". இடுப்புவரை தொங்கும் முடியை ஒரு கையால் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டு களைக்கொத்தைத் தூக்கினால், வெயில் ஏறுகிறவரை நிமிரமாட்டார். ஆனால் அந்த வருஷம் முட்டி வலி அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. வரப்பில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்கவேண்டும்.

கிணற்றடியில் வைத்து அவரிடமும் என் கணவர் சொல்லியிருக்கிறார்: "அதோ அந்தப் பூவுலதாங்க்கா மாத்திரை பண்றாங்களாம். என் கால நிக்க வெச்சது அதான்."

ஒரு வாரம் கழித்து, காலை பதினொரு மணி இருக்கும், கடையில் கூட்டம். என் கணவர் போன் செய்தார். அவர் கடை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை.

"ஜல்தியா ஒண்ணு சொல்லும்மா. அக்கா வாந்தி எடுத்துக்கினே இருக்காங்க. பேதியும் போவுது. நிக்க முடியல. ஒரே பேஜாரா இருக்குது, இன்னா குடுக்கறது?"

"இன்னா சாப்பிட்டாங்க? கேளுங்க."

போனுக்குள் அவர் கேட்பதும், அக்கா முனகுவதும் கேட்டன.

"சொல்லுங்க, இன்னா சாப்பிட்டாங்க?"

"அந்தக் கெழங்கம்மா" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. "வேலில தோண்டி எடுத்து, வேகவெச்சி, விடிகாலைல கஷாயமா குடிச்சிருக்காங்க. முட்டி வலிக்குன்னு."

ஒரு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம்தான். அதை அளந்து வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்கே வயிறு கலங்கும். ஒரு கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மண்ணுக்கு மண் மாறும், வேகவைத்தாலும் போகாது. மாத்திரையில் இருக்கும்போது அது மூட்டில் போய்ச் சண்டை போடுகிற வெள்ளை அணுக்களைத் தடுத்து நிறுத்துகிறது. அளவு மீறிப்போனால், உடம்பில் எங்கெல்லாம் புதிதாகச் செல்கள் பிறக்கின்றனவோ அங்கெல்லாம் போய் நிறுத்திவிடும். குடலில், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையில், முடியின் வேரில்.

"உப்புத் தண்ணி, மோரு எதுவும் குடுக்காதீங்க. 108க்கு போன் பண்ணுங்க. மீதிக் கெழங்கு இருந்தா ஒரு கவர்ல போட்டு எடுத்துக்கினு வாங்க. நான் ஆஸ்பத்திரில நிக்கறேன்."

கடையில் சொல்லிவிட்டு ஓடினேன். ஆம்புலன்ஸ் திண்டிவனம் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோது அக்காவின் கண் உள்ளே போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. என் கணவர் பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்கினார். அதில் கலப்பைபோல் வளைந்த ஒரு கிழங்கு, பாதி வெட்டியது. டாக்டரிடம் அதைக் காட்டி, இது கொல்சிசின் என்று சொன்னேன். அவர் உடனே புரிந்துகொண்டார். குளுக்கோஸ் ஏற்றி, மிச்சமிருக்கும் விஷத்தைப் பிடித்துக்கொள்ளக் கரித்தூள் கொடுத்து, விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதே ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன்.

வண்டி ஹைவேயில் போகும்போது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, நயினார ஏசாத."

"பேசாதீங்கக்கா."

"அவரு மாத்திரைன்னுதான் சொன்னாரு. நாந்தான், காசு குடுத்து வாங்கறத விட நேரா எடுத்துக்கினா இன்னும் ஜாஸ்தியா கேக்கும்னு நெனச்சேன்."

"சரிக்கா. கண்ண மூடுங்க."

"அவரு மூஞ்சியப் பாத்தியா? கொழந்த மாதிரி அழுதாரு" என்றார். பிறகு மறுபடி குமட்டிக்கொண்டு வந்தது.

விழுப்புரத்தில் பார்த்த டாக்டர் இளம் பெண். என்னைவிட இருபது வயது சின்னவளாக இருப்பாள். நான் சொன்னதையெல்லாம் நின்று கேட்டாள். "இதுக்கு மாற்று மருந்துன்னு ஒண்ணு இல்லைங்க. உடம்பு தானா வெளியேத்தணும். அது வரைக்கும் நாம கூட நிக்கணும், அவ்ளோதான்" என்றாள். அந்த வார்த்தை எனக்குப் பயமாகவும் இருந்தது, ஏனோ தெம்பாகவும் இருந்தது.

இரண்டு நாள் மோசமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் வாந்தி நின்றது. அக்கா எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். மகன் அழுது, சிரித்து, ஏதோ ஒரு கோயிலுக்கு வேண்டிக்கொண்டான். நான்காம் நாள் காலை அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு கட்டிலைவிட்டு இறங்கிவிட்டார்.

"நான் வூட்டுக்குப் போறேன். மாடு கத்திக்கினு இருக்கும். நெல்லுல களை மண்டிப்போயிருக்கும்."

டாக்டர் கூடாது என்றாள். மகன் அம்மா பக்கம் சாய்ந்தான். "அதான் நல்லாயிட்டாங்களே, மேடம். கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிக்கினு போறேன்" என்றான்.

நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். எதற்குப் பயப்படுகிறேன் என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லவேண்டும்.

"அக்கா, இந்த விஷம் ரெண்டு தடவ வரும். மொதல் தடவ வயித்துக்கு வந்துச்சு, போயிடுச்சு. இப்போ உள்ள எலும்புக்குள்ள வேல செஞ்சிக்கினு இருக்குது. ரத்தம் ஊர்ற எடத்த அடச்சி வெச்சிருக்கும். வெளில பாக்க நல்லாத்தான் இருப்பீங்க. நாளைக்கோ மறுநாளோ ரத்தத்துல அணு கொறையும். அப்போ ஒரு சின்ன ஜுரம் வந்தாகூட உடம்பால எதுத்து நிக்க முடியாது. நெலத்துல வந்துச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?"

அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"நீ இருப்பியா?" என்றார்.

"இருக்கறேன்."

"கடை?"

"கடைக்கு வேற ஆள் இருக்காங்க. உங்களுக்கு நான்தான்."

கட்டிலில் காலைத் தூக்கிவைத்துப் படுத்துக்கொண்டார். மகனைப் பார்த்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டு, போ" என்றார்.

மறுநாள் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் மளமளவென்று இறங்கியிருந்தன. அதற்கடுத்த நாள் இன்னும் கீழே. அவரைத் தனி அறைக்கு மாற்றினார்கள். எல்லோரும் முகக்கவசம் போடவேண்டும், பூ, பழம் உள்ளே வரக்கூடாது. அணுக்கள் ஊற ஊசி போட்டார்கள். ஒரு சாயங்காலம் ஜுரம் வந்தது. அந்த இளம் டாக்டர் தன் வேலை நேரம் முடிந்தும் போகாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான் ஈரத்துணி மாற்றிக்கொண்டே, எனக்குத் தெரிந்த ஒரே மந்திரமான நமோகாரத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். "எங்க சாமி பேரும் ஒண்ணு சேத்துக்கோ பாப்பா" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே. சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் ஜுரம் இறங்கியது. எண்ணிக்கை மெதுவாக மேலே வந்தது. டாக்டர் அந்தச் சீட்டைத் தூக்கிக் காட்டிய விதத்தைப் பார்த்து, பக்கத்து வார்டு நர்ஸ்கூட எட்டிப்பார்த்தார்.

என் கணவர் தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். எனக்குச் சாப்பாடு, அக்காவுக்குக் கேப்பைக் கஞ்சி. உள்ளே வரமாட்டார். வாசலில் தூக்குச்சட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, "எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்பார். ஒரு நாள் அவர் திரும்பிப் போகையில் காலை லேசாக இழுத்து நடப்பதைப் பார்த்தேன். தூரத்துக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததற்காக இன்னும் என்னை மன்னிக்க முடியவில்லை.

பன்னிரண்டாவது நாள் என்று நினைக்கிறேன். அக்காவுக்குத் தலை சீவிவிடலாம் என்று சீப்பை எடுத்தேன். இத்தனை நாள் கொண்டையாகவே கிடந்த முடி. அவிழ்த்து, மேலிருந்து கீழே ஓர் இழுப்பு இழுத்தேன். சீப்போடு ஒரு கொத்து அப்படியே வந்தது. இழுத்த மாதிரியே இல்லை, வேரில் பிடிப்பே இல்லாமல் வந்தது. நான் அதைச் சட்டென்று சுருட்டி இடது கைக்குள் மறைத்துக்கொண்டேன். முடி கொட்டும் என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். ஆனால் அது என் கையில் கனத்தபோது, படித்தது எதுவும் துணைக்கு வரவில்லை. இன்னொரு தரம் மெதுவாகச் சீவினேன். இன்னொரு கொத்து.

"மறைக்காத பாப்பா" என்றார் அக்கா, முன்பக்கமே பார்த்துக்கொண்டு. "காலைலயே தலகாணில பாத்துட்டேன்."

சீப்பைக் கட்டிலில் வைத்தேன்.

"திரும்ப வந்துடும்க்கா. சத்தியமா வரும். வேரு சாகல, தூங்குது."

"வரும்னு நீ சொன்னா வரும். போன தடவயும் நீ சொன்னதுதான் நடந்துச்சு." கையைப் பின்னால் நீட்டினார். "குடு, பாக்கலாம்."

கொடுத்தேன். மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "எவ்ளோ நரைச்சிருக்குது பாரேன். பின்னாடி இருக்கறது எனக்கு எங்க தெரிஞ்சுது?" என்று சிரித்தார். நான் சிரிக்கப்போய் அழுதேன். அவர்தான் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

பதினாறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் திண்டிவனம் திரும்பினேன். வீட்டில் என் கணவர் நாற்காலியில் காலை ஸ்டூல்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே கட்டைவிரல், அதே சிவப்பு. இந்தத் தடவை கணுக்காலும் சேர்ந்து வீங்கியிருந்தது.

மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன அன்றிலிருந்து ஒரு மாத்திரைகூட எடுக்கப்படவில்லை.

"ஏன்?" என்றேன்.

அவர் ஸ்டூலிலிருந்து காலை இறக்கப் பார்த்தார்.

"இவ்வளவு வலிய வெச்சிக்கினா தெனமும் பஸ்ஸுல வந்தீங்க?"

"அவங்க அதத் தின்னுட்டு அங்க கெடக்கறாங்க" என்றார். "நான் எப்படிம்மா அதயே வாயில போட்டு முழுங்கறது? என் வாய்தான அவங்களுக்கு விஷத்தக் குடுத்தது. ஒரு எறும்ப மிதிச்சாகூட நிக்கறவன் நான். ஒரு மனுஷிய..."

முடிக்கவில்லை. அந்தப் பூவின் கதையை அவருக்குச் சொன்னதே நான்தான். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, பாதி கவனத்தில் சொன்னேன். விதையில் இருப்பதும் கிழங்கில் இருப்பதும் ஒரே விஷம்தான், அளந்து கொடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கடையில் எப்படி இரண்டு கோடு போட்டுக் கொடுப்பேனோ, அப்படித்தான் வீட்டிலும் செய்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் மாத்திரையைத் தொடவில்லை. டாக்டர் வலிக்கு வேறு மருந்து மாற்றிக் கொடுத்தார். அது அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

நான் அக்காவுக்கு போன் செய்து இதைச் சொல்லியிருக்கக்கூடாது. சொன்னேன்.

மறுநாள் மதியம் வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. மகன் கைபிடித்து இறக்க, அக்கா இறங்கினார். தலையில் ஒரு பச்சைத் துண்டை முக்காடாகக் கட்டியிருந்தார். பாதியாக இளைத்திருந்தார். உள்ளே வந்து என் கணவருக்கு எதிரில் பாயில் உட்காரப்போனார், முட்டி மடங்கவில்லை, நான் நாற்காலி போட்டேன்.

என் கணவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இருவரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா நயினாரே, மாத்திர போடமாட்டியாமே."

அவர் குனிந்துகொண்டார்.

"நீ போடலன்னா என் தலைல முடி மொளச்சிடுமா?"

"இல்லக்கா..."

"நான் பண்ணது என் புத்தி. நீ எனக்குக் கெழங்கத் தோண்டிக் குடுத்தியா? டாக்டரு உனக்கு அளந்து குடுத்தாரு, நீ தின்ன. நான் அளக்காம தின்னேன். அவ்ளோதான் வித்தியாசம்." மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "நீ இப்படிக் கால நீட்டிக்கினு கெடந்தா, மோட்டாரு முறைய யாரு பாக்கறது? எனக்கும் எழுந்திரிக்க முடியல, உனக்கும் முடியல. ரெண்டு நெலமும் காய்ட்டுமா?"

என் கணவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் வந்தது.

"பாப்பா, எடு அந்த மாத்திரய" என்றார் அக்கா.

"டாக்டர ஒரு வார்த்த கேட்டுடறேன்க்கா. நடுவுல விட்டுட்டாரு, எத்தனன்னு கேட்டுத்தான் ஆரம்பிக்கணும்."

"கேளு, கேளு. கேட்டுட்டே குடு. நான் உக்காந்திருக்கேன்."

போன் செய்தேன். டாக்டர் அளவைச் சொன்னார். அட்டையைக் கத்தரித்து மாத்திரையை என் கணவரின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அக்காவைப் பார்த்துக்கொண்டே அதை வாயில் போட்டார். அக்கா, அது தொண்டைக்குள் இறங்குகிறவரை பார்த்துவிட்டு, "வூட்ல சாப்பிட இன்னா இருக்குது?" என்றார். அவரைக்காய்ப் பொரியலும் மோரும் சாதமும் இருந்தன. மூவரும் சாப்பிட்டோம்.

வேலியை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அக்காவின் மகன் கடப்பாரையோடு வந்து தங்கள் பக்கத்துக் கொடியை எல்லாம் தோண்டி எடுத்துவிட்டான். அது அவன் உரிமை. எங்கள் பக்கத்தில் என் கணவர் தோண்டவில்லை. ஒரு தகரப் பலகையில், "விஷச்செடி. பூ, காய், கிழங்கு எதையும் தொடாதீர்கள்" என்று தானே பெயின்ட்டால் எழுதி, கம்பியில் கட்டிவைத்தார். "தொடாதீர்கள்" என்பதில் இடம் போதாமல் கடைசி இரண்டெழுத்து நெருக்கிக்கொண்டு நிற்கிறது.

அவர் கால் இப்போது சரியாக இருக்கிறது. ஆறு மாதத்தில் கொல்சிசினை டாக்டர் நிறுத்திவிட்டார். யூரிக் அமிலத்துக்கு மட்டும் மாத்திரை தொடர்கிறது. அக்காவுக்கு இரண்டு மாதத்தில் முடி முளைக்க ஆரம்பித்தது. முதலில் கைக்குழந்தைக்கு இருப்பதுபோல் மெத்தென்று. பார்க்கிறவர்களிடமெல்லாம் குனிந்து, "தொட்டுப் பாரு" என்பார். முட்டி வலிக்கு எலும்பு டாக்டரிடம் காட்டி, தொடைத் தசைக்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார்.

கடையில் இப்போது நான் மெதுவாகிவிட்டேன் என்று முதலாளிக்குக் குறை. கொல்சிசின் அட்டையைக் கேட்டு யாராவது வந்தால், சிறுநீரகம் எப்படி, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், வயிறு கலங்கினால் என்ன செய்யவேண்டும் என்று எல்லாவற்றையும் கேட்டு, சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்லவைத்துத்தான் அனுப்புகிறேன். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

அக்கா இப்போது எதைச் சாப்பிடுவதென்றாலும் என்னைக் கேட்காமல் சாப்பிடுவதில்லை. மகனிடம் சொல்லி, படம் எடுக்கிற செல்போன் ஒன்று வாங்கிக்கொண்டார். போட்டோ எடுத்து அனுப்புவார். தைலம், இருமல் டானிக், யாரோ கொடுத்த சத்து மாவு. போன வாரம் ஒரு பாட்டில் படம் வந்தது. பெயர் இருக்கும் இடத்தை அவர் கட்டைவிரலே மறைத்திருந்தது. போன் செய்தேன்.

"அக்கா, பேரே தெரியலயே. வெரல எடுத்துட்டு இன்னொரு போட்டோ அனுப்புங்க."

"போட்டோல இன்னா பாக்கறது? நேர்ல வந்து பாரு. முருங்கக்கீர பறிச்சி வெச்சிருக்கேன், நயினாரையும் கூட்டிக்கினு வா."

"மருந்து அர்ஜென்ட் இல்லையா?"

"கீரதான் அர்ஜென்ட். வாடிடும்."

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போனோம். பாட்டிலில் இருந்தது தேங்காய் எண்ணெய்.